செண்பகத்தைக் கூப்பிடும் வழி

ரயில் வருவது செண்பகத்துக்கு எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். இரண்டு வயது நான்கு மாதக் குழந்தைக்கு இவை இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று அவள் அப்பன் தேசப்பனுக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

தேசப்பன் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஒரு லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர். ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடிக்கும். வண்டி கிளம்பிவிட்டது என்பார்கள். அவன் போய்க் கேட்டைச் சாத்திப் பூட்டுவான். மாட்டு வண்டிகளும், நெல் மூட்டை லாரிகளும், பழவேற்காட்டு மீன்கூடைக்காரிகளும் இரண்டு பக்கமும் வந்து நிற்பார்கள். பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், வண்டி போகும், திறப்பான். போன் வந்த பிறகு வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். எக்ஸ்பிரஸ் என்றால் சட்டென்று வந்துவிடும். கூட்ஸ் வண்டி வெயிலில் எருமை நடக்கிற மாதிரி வரும்.

அந்த இடைவெளியில்தான் செண்பகம் தன் வித்தையைக் காட்டுவாள். கேட்டை ஒட்டிய ஒற்றை அறை வீட்டின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சிக்குள் கொட்டாங்கச்சி அடுக்கிக்கொண்டிருப்பாள். திடீரென்று கை நின்றுவிடும். தலையைத் தூக்குவாள். எழுந்து வாசற்படிக்கு வந்து முதலில் தெற்கே பார்ப்பாள், பிறகு வடக்கே பார்ப்பாள். அப்போது வெளியே ஒரு சத்தமும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்கோ மெல்லிதாக ஒரு ஊதல் கேட்கும்.

கேட்டில் காத்து நிற்பவர்களிடம் தேசப்பன் இதைப் பெருமையாகச் சொல்வான். "என் பொண்ணு இருக்கச்சொல்ல எனக்குப் போனே வேணாம்."

தை மாதம் ஒரு காலை அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. கூட்ஸ் வண்டிக்காகக் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினான். ஆட்டுக்குட்டி ஒன்றைப் பின்தொடர்ந்து செண்பகம் மணல் சரிவில் ஏறித் தண்டவாளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். வண்டி தூரத்தில் தெரிந்தது.

"செண்பகம்! ஏய் செண்பகம்! நில்லு!"

கேட்டின் அந்தப் பக்கம் நின்ற மாடுகள்கூட மிரண்டு தலையைத் தூக்கின. செண்பகம் நடந்துகொண்டே இருந்தாள். தேசப்பன் ஓடினான். இடுப்பில் செருகியிருந்த கொடி எங்கே விழுந்தது என்று தெரியாமல் ஓடினான். தண்டவாளத்துக்கு நான்கு அடி முன்னால் அவளை வாரித் தூக்கினான். தூக்கிய கையோடு, பயத்தில் தொடையில் பளீரென்று ஒன்று வைத்தான்.

அவள் உடனே அழவில்லை. அவன் வாயைப் பார்த்தாள். கண்ணை அல்ல, வாயை. அதன் பிறகுதான் அழுதாள்.

வீட்டுக்குள் வந்ததும் செல்லியம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டு தொடையில் பதிந்த விரல் தடத்தைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அடிச்ச?"

"அத்தினி தடவ கத்தறேன், திரும்பவே இல்ல. ரயிலு எங்கியோ வர்றது காதுல வுழுது, அப்பன் கொரலு வுழல."

"திமிரு. உன் பொண்ணாச்சே. நான் எண்ணெ வாங்கினு வான்னு எத்தினி தடவ கத்தறேன், உன் காதுல மட்டும் வுழுதா?"

அவள் சிரிப்பு வரவழைக்கத்தான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறையும் திரும்பாவிட்டால்? அடுத்த முறை அவன் கேட்டின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தால்?

அன்று மதியம் கீமேன் பச்சையப்பன் வந்தார். கீமேன் என்பவர் தினமும் தண்டவாளத்தோடு ஐந்தாறு மைல் நடக்கிறவர். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் இரும்பு ஆப்புகளில் எது தளர்ந்திருந்தாலும் நீளக் காம்புச் சுத்தியலால் தட்டி இறுக்குவார். செல்லியம்மாள் அவரை அண்ணே என்பாள். அந்த முறையில் தேசப்பன் அவருக்கு மச்சான்.

நடந்ததைக் கேட்டுவிட்டு, "ரயிலக் கேக்குற காதுக்கு உன் கொரல் கேக்காதா மச்சான்? உன் கொரலால எனக்கே காது நோவுது," என்றார். "நான் சுத்தியத் தட்டிக்கினு வர்றப்போ, ஊட்டுக்குள்ள இருந்து மொதல்ல வெளிய வர்றது அதுதான். கேக்கலன்னா எப்பிடி வருவா?"

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் புதிர் இன்னும் சிக்கலானது. எந்திரத்தில் கோளாறு என்றால் எப்போதும் கோளாறாக இருக்க வேண்டும், அல்லது எப்போது கோளாறு ஆகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். செண்பகம் சில சமயம் கேட்கிறாள், சில சமயம் கேட்கவில்லை. அந்தச் சில சமயம் எது?

பத்து நாள் கழித்து விடை தானாகவே எதிரில் வந்து நின்றது.

மெட்ராஸ் போகும் எக்ஸ்பிரஸ் வரும் நேரம். தேசப்பன் கொடியோடு நின்றான். செல்லியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டோரம் மீன்கூடைக்காரியிடம் இறால் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் முதுகு தண்டவாளத்தின் பக்கம். எஞ்சின் ஊதிற்று. கரிப்புகையும் நீராவியுமாக, பூமி அதிர, இருபது அடி தூரத்தில் வண்டி கடந்தது. மாடுகள் கயிற்றை இழுத்தன. மீன்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

செண்பகம் அம்மாவின் கம்மலைத் திருகி விளையாடிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பெட்டிகள் போகும்போது காற்று அடித்து அவள் தலைமுடி முகத்தில் விழுந்தது. அப்போதுதான் அவள் திரும்பினாள். ரயிலைப் பார்த்து, அது ஏதோ ஆகாயத்திலிருந்து குதித்தது போல வாயைப் பிளந்தாள்.

தேசப்பன் கையில் கொடி தாழ்ந்துவிட்டது. கார்டு வண்டியிலிருந்து கார்டு கையை ஆட்டிக் கத்திக்கொண்டே போனார்.

தரையில் இருந்தால் தெரிகிறது. இடுப்பில் இருந்தால் தெரியவில்லை. அவன் மனசு ஓடியது. கைக்குழந்தையாக இருந்தபோது உத்திரத்தில் கட்டிய தூளியில் போட்டால் எந்த வண்டிக்கும் எழுந்திருக்க மாட்டாள். பாயில் போட்டால் ஒவ்வொரு வண்டிக்கும் விழித்துக்கொள்வாள். "தூளியில போட்டா நல்லாத் தூங்குது" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள். சிமெண்டுத் தரையில் வித்தை காட்டியவள், மணல் சரிவில் வண்டியைப் பார்க்காமல் நடந்தாள்.

அவள் ரயிலைக் காதால் கேட்கவில்லை. காலால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒன்று நடக்கக் கூடியதுதான். சத்தம் என்பது ஒரு நடுக்கம். காற்றில் வந்தால் காதில் விழுகிறது. இரும்பில் வந்தால் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வருகிறது. அதனால்தான் தண்டவாள வேலை செய்கிற ஆட்கள் சில சமயம் தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்ப்பார்கள். தண்டவாளத்திலிருந்து கட்டைக்கும், கட்டையிலிருந்து கருங்கல் ஜல்லிக்கும், ஜல்லியிலிருந்து கெட்டித்த மண்ணுக்கும், மண்ணிலிருந்து அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வீட்டுத் தரைக்கும் அந்த நடுக்கம் இறங்கி வருகிறது. வழியெல்லாம் தேய்ந்து, கடைசியில் எறும்பு ஊர்கிற அளவுதான் மிஞ்சும். நமக்கு அது தெரிவதில்லை. காது இருப்பதால் காலைக் கேட்பதில்லை. அவள் தெற்கே பார்த்துவிட்டு வடக்கே பார்த்ததும் அதனால்தான். இரண்டு காது இருப்பவனுக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். காலுக்கோ, ரயில் வருகிறது என்பது மட்டும்தான் தெரியும்.

ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு குழந்தையின் விஷயத்தில் முடிவுக்கு வரக் கூடாது. அன்று சாயங்காலம் பார்த்துவிடுவது என்று செல்லியம்மாளிடம் சொன்னான்.

அவள் பித்தளைச் சொம்பை எடுத்துவந்து, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டாள். செண்பகம் சட்டென்று திரும்பினாள்.

"பாத்தியா! கேக்குது! நீயும் உன் ஆராய்ச்சியும்!" செல்லியம்மாள் குழந்தையை வாரி எடுத்து முத்தம் கொடுத்தாள்.

"இரு. சொம்பு எங்க வுழுந்துச்சு? தரையில. அவ எங்க குந்தினு இருக்கா? அதே தரையில."

அவன் தட்டு ஒன்றைக் கையில் எடுத்தான். தரையில் படாமல் தூக்கிப் பிடித்தான். தன் நிழல் அவள் மேல் விழாதபடி விளக்கு மாடத்தின் எதிர்ப் பக்கம் போய் நின்றான். நடந்து வந்த காலடி அதிர்ச்சி அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்தான். பிறகு கரண்டியால் தட்டை ஓங்கி அடித்தான். வெளியே மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. செண்பகம் கொட்டாங்கச்சியை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தான். மறுபடி. நான்காவது அடியில் செல்லியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்."

அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ ரெண்டு வருசமா நான் பாடினது யாருக்குய்யா?"

பதிலைச் செண்பகமே சொன்னாள். தூக்கம் வந்து அம்மாவின் மடியில் ஏறினாள். வழக்கம்போலக் கன்னத்தை அவள் நெஞ்சில் வைத்து, வழக்கம்போல உள்ளங்கையை அவள் தொண்டைக்குழியில் அழுத்தினாள். தினமும் செய்வதுதான். ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தார்கள். இப்போது அந்தக் கையைத் தேசப்பன் பார்த்தான்.

"செல்லி, பாடு."

"இப்ப பாட்டா?"

"பாடேன்."

அவள் கரகரத்த குரலில் ஆரம்பித்தாள். தேசப்பன் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தான். மற்றக் கையாலும் தோளாலும் தன் காதுகளை அடைத்துக்கொண்டான்.

"யோவ், இன்னா இது? யாராவது கேட்டாண்டயிருந்து பாத்தா..."

"நிறுத்தாத."

தொண்டைக்குள் ஒரு தேனீக்கூடு இருந்தது. பாட்டு உயர்ந்த இடத்தில் அது மெல்லிதாகக் கிறுகிறுத்தது. தாழ்ந்த இடத்தில் நெஞ்சு வரைக்கும் கனத்து இறங்கியது. மூச்சு வாங்கும்போது நின்று, திரும்பத் தொடங்கியது. பாட்டில் எத்தனை அடி என்று காது இல்லாமலே எண்ணிவிடலாம். இரண்டு வயதுக் குழந்தை, யாரும் சொல்லித்தராமல், வீட்டில் எந்த இடத்தில் பாட்டு கிடைக்கும் என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. ரயிலைத் தரையில் கண்டுபிடித்தது. பச்சையப்பனின் சுத்தியலை வாசற்படியில் கண்டுபிடித்தது. அம்மாவைத் தொண்டையில் கண்டுபிடித்தது. இவ்வளவு பெரிய வேலையை இவள் தன்னந்தனியாகச் செய்துகொண்டிருந்த நேரத்தில், கூப்பிட்டும் திரும்பவில்லை என்று தொடையில் அடித்திருக்கிறான்.

தேசப்பனுக்கு, தூங்கிவிட்ட மகளைப் பார்க்கிறபோது, தன்னைவிடப் பெரிய ஆள் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் சைக்கிளோடு கேட்டில் நின்ற நர்ஸ் ரோசம்மாளைப் பிடித்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிக் குழந்தைகள் அவள் கையில் பிறந்தவை. செண்பகமும்தான்.

"எனக்குப் பிரசவம் தெரியும் தேசப்பா, காது தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசி உன் கொழந்தையக் கெடுக்க மாட்டேன்," என்றாள் அவள். "மெட்ராஸ்ல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போ. சீட்டு எழுதித் தரேன். அதுவரைக்கும் அத அடிக்காத."

"அடிப்பனா அக்கா இனிமே?"

"அடிச்சா நான் வந்து உன்ன அடிப்பேன். கேட்டத் தொற, டியூட்டிக்கு நேரமாச்சு."

மெட்ராஸில் டாக்டர் ஒரு கருவியை எடுத்தார். இரண்டு கால் உள்ள இரும்புக் கவை. தட்டினால் ரீங்கரிக்கும். குழந்தையின் காதோரம் பிடித்தார். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கவையின் காம்பை அவள் முழங்கை எலும்பில் வைத்தார். கூச்சத்தில் கலகலவென்று சிரித்தாள். இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினாள். டாக்டரும் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறிச் சொன்னார். பிறவியிலேயே காது கேட்கவில்லை. மருந்தில் சரியாகாது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மெட்ராஸில் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஐந்து வயதில் சேர்க்கலாம்.

"அஞ்சு வயசு வரைக்கும் இன்னா செய்யறது சார்?"

"பேசுங்க. நாள் முழுக்கப் பேசுங்க. ஆனா அவ உங்க முகத்தப் பாக்கறப்போ பேசுங்க. கைய ஆட்டிக் காட்டுங்க, பொருளக் காட்டுங்க. கேக்காதுன்னு பேசாம விட்டுட்டீங்கன்னா உள்ள இருக்கற புத்தி பட்டினி கெடக்கும். இந்த வயசு திரும்ப வராது."

திரும்பி வரும் ரயிலில் செல்லியம்மாள் மகளின் முகத்துக்கு நேராகப் பொன்னேரி வரை பேசிக்கொண்டே வந்தாள். மரம், மாடு, குளம், குடை. செண்பகம் அவள் வாயையே பார்த்தாள். பொன்னேரி தாண்டியதும் செல்லியம்மாள் தேசப்பனிடம் திரும்பி, "முகத்தப் பாக்கறப்போ பேசுன்னாரு. சரி. மொதல்ல அது எப்பிடி என் முகத்தப் பாக்கும்?" என்றாள்.

அதுதான் உண்மையான கேள்வி. வீட்டுக்குள் இருந்தால் தரையைத் தட்டினால் போதும். இரண்டே நாளில் அது பழகிவிட்டது. ஆனால் குழந்தை நாள் முழுக்க வீட்டுக்குள் இருக்குமா? வேப்பமரத்தடி மணலில்தான் விளையாடும். அங்கிருந்து தண்டவாளம் முப்பது அடி. அம்மா அடுப்படியில், அப்பன் கேட்டில். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் தொட வேண்டும். பின்னாலிருந்து தொட்டால் பயந்து உடம்பு தூக்கிப் போடுகிறது. பிறகு எவ்வளவு நல்ல வார்த்தை சொன்னாலும் முகத்தைப் பார்ப்பதில்லை.

லைன் ஓரத்தில், பழைய தண்டவாளம் மாற்றியபோது வெட்டிப் போட்ட துண்டு ஒன்று மூன்று வருஷமாகப் புல் முளைத்துக் கிடந்தது. பன்னிரண்டு அடி இருக்கும். அதைப் பார்த்தபோதுதான் தேசப்பனுக்கு யோசனை வந்தது. அடுப்படி வாசலிலிருந்து வேப்பமரம் பன்னிரண்டு அடி.

பச்சையப்பன், லைன் வேலை பார்க்கும் கேங் ஆட்கள் ஆறு பேரைக் கூட்டிவந்தார். ஐலசா போட்டுத் தூக்கி வந்து, கால் இடறக் கூடாது என்று மணலில் பள்ளம் பறித்துப் புதைத்தார்கள். மரத்தடி முனையின் மேல் தண்டவாளத்துக்கு அடியில் போட்டுக் கழித்த ஸ்லீப்பர் கட்டைகள் மூன்றை நெருக்கி வைத்து ஆணி மடக்கிப் பலகை மாதிரி ஆக்கினார்கள். இனி அவள் விளையாட அதுதான் இடம் என்று செண்பகத்தை அதன் மேல் உட்கார வைத்தார்கள். செல்லியம்மாள் அடுப்படி முனையில் கல்லால் தட்டினாள்.

தொப்.

குழந்தை திரும்பவில்லை. பலமாகத் தட்டினாள். தொப். பலகையில் கை வைத்துப் பார்த்த தேசப்பனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"இரும்பு நல்லாக் கடத்தும்னியே மச்சான்," என்றார் பச்சையப்பன்.

"கடத்தும் மச்சான். இன்னாமோ தடுக்குது."

கேட்டுக் கம்பத்தில் ஒரு முழத் தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கியது. ஆபத்துக்கு அடிக்கிற மணி அது. பச்சையப்பன் சலிப்பில் போய் அதைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ஊரே கேட்கிற மாதிரி கணகணவென்றது.

"இதுவும் தண்டவாளம்தான். அந்தரத்துல தொங்கினா பேசுது. மண்ணுல பொதச்சா வாய மூடிக்குது."

தேசப்பன் மணலைப் பார்த்தான். இரும்பைச் சுற்றி நான்கு பக்கமும் மணல் அணைத்துப் பிடித்திருந்தது. நடுக்கம் ஓரடி போவதற்குள் கோடிக்கணக்கான மணல் துகள் ஒன்றையொன்று உரசி அதைத் தின்றுவிடும். மணல் சரிவில் குழந்தைக்கு ரயில் தெரியாமல் போனதும் இதே மணலால்தான்.

"மச்சான், தோண்டி எடுங்க. ரெண்டு மொனையில மட்டும் கட்ட குடுத்து மேல தூக்கி வெக்கலாம். நடுவுல மண்ணு தொடவே கூடாது."

"ஆறு பேருக்கும் நீ நாஷ்டா வாங்கித் தரணும்டா, இந்த வேலைக்கு," என்று கேங் ஆள் ஒருவன் திட்டினான். திட்டிக்கொண்டே தோண்டினான்.

அடுப்படி முனைக் கட்டை வீட்டுச் சிமெண்டுத் தரையின் விளிம்பிலேயே உட்கார்ந்தது; தரைக்கு வரும் ரயில் நடுக்கமும் இனி பலகை வரை போகும். தூக்கி வைத்ததும் செல்லியம்மாள் கல்லை எடுத்தாள். மெல்லத்தான் தட்டினாள். டிங்.

பலகையில் உட்கார்ந்திருந்த செண்பகத்தின் கை நின்றது. தலை நிமிர்ந்தது. தெற்கே பார்த்தாள். வடக்கே பார்த்தாள். ரயில் இல்லை. குழம்பிப்போய்க் குனிந்து தன் காலடியையே பார்த்தாள்.

முதல் நாள் முழுக்க ஒவ்வொரு தட்டுக்கும் ரயிலைத்தான் தேடினாள். இரண்டாம் நாள் ரயிலைத் தேடிவிட்டு, சுற்றிலும் பார்க்கத் தொடங்கினாள். அப்படிப் பார்க்கும்போதெல்லாம் அடுப்படி வாசலில் அம்மா கல்லோடு உட்கார்ந்திருந்தாள், முகம் நிறையச் சிரித்துக்கொண்டு. மூன்றாம் நாள் டிங் என்றதும் நேராக அம்மாவைத்தான் பார்த்தாள். ரயிலின் நடுக்கம் வளர்ந்துகொண்டே வரும். இது ஒரே தெறிப்பில் முடிந்துவிடும். இரண்டும் வேறு என்று கால் கற்றுக்கொண்டுவிட்டது.

"செண்பகம்," என்றாள் செல்லியம்மாள், உதட்டை மெதுவாகக் குவித்து. "தோச. தோச சாப்புடறியா?" தோசையைத் தூக்கிக் காட்டினாள்.

குழந்தை எழுந்து ஓடி வந்தது.

அதைக் கெடுத்தவன் தேசப்பன்தான். கேட்டில் நிற்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டத் தொடங்கினான். கம்பெனிகளுக்கு இடம் அளக்க ஜீப்பில் வந்தவர்கள், லாரி டிரைவர்கள், யார் வந்தாலும் ஒரு டிங். குழந்தை திரும்பிப் பார்க்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. நான்கு நாளில் செண்பகம் திரும்புவதை நிறுத்திவிட்டாள்.

"எந்திரம் கெட்டுப்போச்சா?" என்று தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தான்.

"எந்திரம் நல்லாத்தான் கீது. நீதான் கெட்டுப்போன," என்றாள் செல்லியம்மாள். "ஸ்டேசன்ல இருந்து சும்மாச் சும்மாப் போன் அடிச்சினு, எடுத்தா ஒண்ணும் பேசலன்னா நீ எடுப்பியா? அவ மட்டும் எடுக்கணுமா?"

அவனுக்கு உறைத்தது. அன்றிலிருந்து காரணம் இல்லாமல் தட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். சொல்ல ஒரு வார்த்தை, காட்ட ஒரு பொருள், கூப்பிட ஒரு இடம், ஏதாவது ஒன்று இருந்தால்தான் தட்டு. ஒரு வாரத்தில் குழந்தை மறுபடி நம்பத் தொடங்கியது.

பங்குனியில், தண்டவாளத்தில் தள்ளிச் செல்லும் டிராலியில் லைன் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் வீட்டு முற்றத்தில் தண்டவாளத்தைக் கண்டு இறங்கினார்.

"இது என்னய்யா? எவன் வீட்டுக்கு லைன் போட்டிருக்க?"

"கொழந்தையக் கூப்புடறதுக்கு சார்."

விவரத்தைக் கேட்டுவிட்டு, அவர் பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். பலகை மேல் ஏறிச் செண்பகத்தின் பக்கத்தில் நின்றார். "அடிம்மா." செல்லியம்மாள் தட்டினாள். அவர் புருவம் மேலே போனது. குழந்தை அவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது, உனக்கும் கேட்டதா என்பது போல.

"ரயில்வே தண்டவாளம் ரயில்வே இடத்துலதானே கெடக்கு," என்றார் பூட்ஸை மாட்டிக்கொண்டே. "கெடக்கட்டும்."

அவர் டிராலி போன பிறகு, கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து போன் வந்தது. தேசப்பன் கேட்டைச் சாத்தினான். செருப்பு வார் அறுந்திருந்ததால் வெறுங்காலோடு நடந்து, அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தான். வேப்பமரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காலைத் தண்டவாளத்தின் மேல் வைத்தபடி சொம்பைத் தூக்கினான்.

உள்ளங்காலில் சுளீரென்று ஒன்று தெறித்தது.

தட்டியது செல்லியம்மாள் இல்லை. அவள் உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். தேசப்பன் திரும்பினான்.

பன்னிரண்டு அடி தள்ளி, பலகையின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் செண்பகம். இரண்டு கையாலும் ஒரு ஜல்லிக்கல்லைப் பிடித்திருந்தாள். அவன் திரும்பியதைப் பார்த்ததும் கல்லைக் கீழே போட்டாள். ரயில் போகும் தண்டவாளத்தைக் காட்டினாள், தெற்கே கை நீட்டினாள், வடக்கே கை நீட்டினாள். பிறகு அவன் முகத்துக்கு நேராக உதட்டைக் குவித்து, தொண்டையிலிருந்து கனத்த ஒரு ஒலியை எடுத்து விட்டாள்.

"ஊ...ஊ..."

தூரத்தில் இன்னும் ஒரு சத்தமும் இல்லை. தேசப்பன் சொம்பைக் கீழே வைத்தான். அப்புறம் அவனும் உதட்டைக் குவித்தான். "ஆமாம்மா. ரயிலு. ரயிலு வருது." அதன் பிறகுதான் வடக்கே, மரங்களுக்கு அப்பால், மெல்லிதாக ஊதல் கேட்டது.

செண்பகத்தைக் கூப்பிடும் வழி இதுதான். இரும்பை மண் தொடாமல் தூக்கி வை. சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு தட்டுத் தட்டு. அவள் திரும்பும் வரை பொறு. திரும்பியதும் முகத்துக்கு நேராகப் பேசு. அவள் தட்டினால், நீ திரும்பு.